வாசகர் கேள்வி – பதில்: வளவில் ஒரு நாகேஷ் மாலை

ஜனவரி 31, நாகேஷ் நினைவு நாள். எங்கள் வீட்டு வளவில் (நடு முற்றமும் சுற்றுத் தாழ்வாரமும்) உறவுக்காரர்களையும் தெருக்காரர்களையும் கூப்பிட்டுப் படம் போடலாமென்று இருக்கிறோம். காமெடிக் காட்சிகளைத் தொகுத்துப் போடுவதா, முழுப்படமா?
– வாசகர், தேவகோட்டை

முழுப்படம் ஒன்று கட்டாயம் வேண்டும். தொகுப்பு மட்டும் போட்டால் சிரித்துவிட்டு எழுந்து போய்விடுவார்கள். 2009இல் தமது 75ஆம் வயதில் மறைந்த அந்தக் கலைஞரைக் ‘காமெடியன்’ என்ற ஒரே பெட்டியில் அடைத்து அனுப்பியதாகிவிடும். கே. பாலசந்தர் இயக்கிய முதல் படமான ‘நீர்க்குமிழி’யை (1965) எடுத்துக்கொள்ளுங்கள். புற்றுநோயாளி சேதுவாக ஆஸ்பத்திரி வார்டையே கலகலப்பாக்குவார் நாகேஷ். சிரிப்பும் சாவும் ஒரே முகத்தில் அடுத்தடுத்து வந்துபோவதைத் துண்டுக் காட்சியில் காட்ட முடியாது.

அதற்கு முன்னால் மூன்று காட்சிகள் போதும். முதலில் ‘காதலிக்க நேரமில்லை’யில் (1964) பாலையாவுக்குக் கதை சொல்லும் இடம். அடுத்தது ‘திருவிளையாடல்’ (1965) தருமி. சிவாஜி அசையாமல் நிற்பார். நாகேஷின் தோள், கழுத்து, விரல் எதுவும் ஓரிடத்தில் நிற்காது. ஆயிரம் பொன்னை நினைத்து அவர் தனியாகப் புலம்பும்போது எதிரே பேசுவதற்கு ஆளில்லை. அந்த இடத்தில் வசனத்தை விட்டுவிட்டுக் கைகளை மட்டும் பாருங்கள், காட்சி முழுவதும் புரியும். மூன்றாவது ‘மகளிர் மட்டும்’ (1994). அதில் அவர் பிணம். நிற்கவே தெரியாத அந்த உடம்பு இங்கே முழுக்க அடங்கிக் கிடக்கும். தருமிக்கு அடுத்து உடனே இதைப் போட்டால், எவ்வளவு பெரிய நடிகர் என்று யாரும் மேடையேறிச் சொல்ல வேண்டியதில்லை. இந்த வரிசையை மட்டும் மாற்றிவிடாதீர்கள்.

பழைய படங்களை எங்கள் டிவியில் போட்டால் நாகேஷ் குண்டாகத் தெரிகிறார். ஏன்?
– வாசகி, பள்ளத்தூர்

அந்தக் காலத்துக் கறுப்பு வெள்ளைப் படச் சட்டம் உயரம் 1 என்றால் அகலம் 1.37. இன்றைய டிவியும் பெரும்பாலான புரொஜெக்டர்களும் 16:9, அதாவது 1.78. ‘ஃபுல்’ அல்லது ‘ஸ்ட்ரெச்’ என்று வைத்திருந்தால் படம் பக்கவாட்டில் ஏறக்குறைய 30 சதவீதம் இழுபடும். ஒல்லி உடம்பையே கருவியாக வைத்து நடித்தவருக்கு இதைவிடப் பெரிய அநியாயம் இல்லை. செட்டிங்கில் 4:3 அல்லது ‘ஒரிஜினல்’ என்று மாற்றுங்கள். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும், வரட்டும். ‘ஜூம்’ போட்டு அந்தப் பட்டையை நீக்கப் போனால் தலையும் காலும் வெட்டுப்படும். ‘மோஷன் ஸ்மூத்திங்’ இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள். நொடிக்கு 24 பிரேமில் எடுத்த அசைவுகளுக்கு நடுவே டிவி தானாகப் படம் செருகினால் அவருடைய வெட்டு வேகம் வழவழத்துப் போகும்.

போன தடவை வளவில் படம் போட்டபோது வசனம் ஒன்றும் புரியவில்லை. ஸ்பீக்கர் நல்லதுதான். எங்கே தப்பு?
– வாசகர், காரைக்குடி

தப்பு வீட்டின் அழகில் இருக்கிறது. கீழே ஆத்தங்குடிக் கல், சுற்றிலும் கண்ணாடிபோல மினுங்கும் சுண்ணாம்புப் பூச்சு. இரண்டும் ஒலியை உறிஞ்சாது, திருப்பியே அனுப்பும். வளவின் நடுவில் நின்று ஒரு தடவை கை தட்டிப் பாருங்கள். ‘டர்ர்’ என்று வால் நீண்டால் நாகேஷ் பேச்சு கஞ்சியாகக் குழையும். அவர் பேசும் வேகத்துக்கு அரை நொடி எதிரொலியே அதிகம்.

தரை முழுக்க ஜமுக்காளம் விரியுங்கள். பாய் மட்டும் போதாது. திரைக்கு எதிர்ச் சுவரிலும் பக்கத்துத் தூண்களுக்கு இடையிலும் கனத்த போர்வைகளைச் சுருக்கம் விழத் தொங்கவிடுங்கள். ஆட்கள் நிறைந்து உட்கார்ந்தாலே எதிரொலி பாதி அடங்கும் என்பதால், காலி வளவில் கேட்டுவிட்டுப் பயந்து சத்தத்தை ஏற்ற வேண்டாம். நாலு மூலைக்கும் நாலு ஸ்பீக்கர் வைப்பதுதான் பெரிய பிழை. அறுபதுகளின் அந்தப் படங்களின் ஒலி மோனோ, அதாவது ஒரே தடத்தில் வருவது. திரையை ஒட்டி, உட்கார்ந்திருப்பவர் காது உயரத்தில் ஒன்றோ, அருகருகே இரண்டோ போதும். ‘பாஸ்’ எனும் அடித்தொனியைக் குறையுங்கள். பாலையாவுக்குச் சொல்லும் கதையில் வேண்டிய சத்தங்களையும் அவரே வாயால் எழுப்புவார்; சோதித்துப் பார்க்க அதைவிட நல்ல காட்சி கிடையாது.

தேன்குழல், சீப்புச் சீடை, மனகோலம் எல்லாம் படம் முடிந்த பிறகு கொடுங்கள். ஐம்பது பேர் ஒன்றாகக் கடித்தால் தருமி காணாமல் போவார்.

புரொஜெக்டர் வாடகைக்கு எடுக்கிறோம். திரை எவ்வளவு பெரிது, எத்தனை மணிக்குத் தொடங்கலாம்?
– வாசகர், கானாடுகாத்தான்

6 அடி உயரம், 8¼ அடி அகலம் படம் விழுந்தால் ஐம்பது பேர் வசதியாகப் பார்க்கலாம். இயந்திரம் 16:9 என்றால் பட்டையையும் சேர்த்து 10 அடி 8 அங்குலம் அகலம் கணக்கு. த்ரோ ரேஷியோ (படத்தின் அகலத்தைப் போல எத்தனை மடங்கு தூரத்தில் இயந்திரத்தை வைப்பது என்ற கணக்கு) 1.5 உள்ளதைத் திரையிலிருந்து 16 அடியில் வைக்க வேண்டும். வெளிச்சம் 3000 லூமென் போதும். இரண்டு வேட்டியை ஒட்டித் தைத்துக் கட்டினால் தையல் கோடு சரியாக முகத்தின் மேல் ஓடும். ஒரே துண்டாக அகலத் துணி வாங்கி, வெளிச்சம் பின்னால் கசியாமல் கறுப்புத் துணி கொடுங்கள். சுவரில் நிலைக்கண்ணாடி இருந்தால் மூடிவிடுங்கள்.

முற்றம் திறந்திருப்பதால் 7 மணிக்கு முன் இருள் சரியாக வராது. தை மாதப் பனி இறங்கும். புரொஜெக்டரைக் கூரைக்குக் கீழே பத்தியில் வையுங்கள்.

‘காரைக்குடி தந்த நாகேஷ்’ என்று போஸ்டர் போடலாமா?
– வாசகர், புதுவயல்

வேண்டாம். அவர் தாராபுரத்துக்காரர். அவர் நாயகனாக நடித்த ‘சர்வர் சுந்தர’த்தைத் (1964) தயாரித்த ஏவி.எம். நிறுவனத்தின் மெய்யப்பச் செட்டியார்தான் காரைக்குடிக்காரர். ‘நாம் இருவர்’ (1947) காலத்தில் ஸ்டூடியோவும் இங்கேதான் இருந்தது. நாகேஷ் வந்தபோது அது சென்னைக்குப் போய் வெகுநாளாகியிருந்தது.

ஊர்க்காரர்களைக் கூப்பிட்டுப் போட அனுமதி வேண்டுமா?
– வாசகி, கோட்டையூர்

வேண்டும். டிஸ்க் வாங்கியது வீட்டார் பார்ப்பதற்குத்தான். திரைப்படத்தின் உரிமைக் காலம், வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 வருடம். 1964 படத்துக்கு அது 2024 டிசம்பரோடு முடிந்துவிட்டது. ஆனால் பாட்டும் வசனமும் தனிக் கணக்கு. எழுதியவர் இறந்த அடுத்த ஆண்டிலிருந்து 60 வருடம். 1981இல் மறைந்த கண்ணதாசன் பாடல்களுக்கு 2041 முடியும்வரை உரிமை உண்டு. ‘மகளிர் மட்டும்’ படத்துக்கோ படத்தின் உரிமையே இன்னும் பல ஆண்டு இருக்கிறது. உரிமையாளருக்கு ஒரு மாதம் முன்பே எழுதுங்கள். கட்டணமில்லாத நினைவுநாள் நிகழ்ச்சி என்பதையும், இடம், தேதி, எத்தனை பேர், எத்தனை நிமிடக் காட்சி என்பதையும் குறிப்பிட்டுப் பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.