அசலும் குறையக் கூடாது, 15% வருமானமும் வேண்டும்: வழி உண்டா?

கேள்வி: எனக்கு 51 வயது. நானும் கணவரும் தனியார் வேலையில் இருக்கிறோம். மகள் கல்யாணத்துக்கென்று சேர்த்த 15 லட்சம் ரூபாய் சேமிப்புக் கணக்கில் கிடக்கிறது. கல்யாணம் 2 வருடத்தில். அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையக் கூடாது. ஆனால் எஃப்.டி. தரும் 7% போதாது, 15% வேண்டும். தெரிந்தவர் ஒருவர், மாதம் 2% தரும் இடம் இருக்கிறது என்கிறார். போடலாமா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: அந்த மாதம் 2% வேண்டவே வேண்டாம், அம்மா. அது வருடத்துக்கு 24%. ஒழுங்காகத் தொழில் செய்பவருக்கு வங்கியே அதில் பாதி வட்டிக்குக் கடன் கொடுக்கும். அவர் உங்களைத் தேடி வர வேண்டிய அவசியமே இல்லை. இப்படி ஏமாந்தவர்களுக்காகத்தான் தமிழ்நாட்டில் 1997-ல் முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தார்கள். வழக்குப் போட்டாலும், சொத்தை முடக்கி, ஏலம் விட்டுப் பணம் கைக்கு வருவதற்குள் வருடங்கள் ஓடிவிடும்.

பங்குச் சந்தையில் 15% கிடைத்த வருடங்கள் உண்டு. ஆனால் 2020 ஜனவரியில் 12,400-ஐத் தாண்டிய பங்குச் சந்தைக் குறியீடான நிஃப்டி, மார்ச் 23 அன்று 7,610-ல் முடிந்தது. 15 லட்சம் இரண்டே மாதத்தில் 9 லட்சத்துச் சொச்சம். அதே வருட நவம்பரில் நிஃப்டி பழைய உயரத்தை எட்டிவிட்டது, உண்மைதான். மே மாத முகூர்த்தத்துக்கு நகையெடுக்க வேண்டியவருக்கு அதனால் என்ன பயன்? இரண்டு வருடத்தில் தேவைப்படும் பணத்துக்குச் சந்தை சரியான இடமே அல்ல.

நீங்கள் கேட்கும் இரண்டும் ஒரே இடத்தில் கிடைக்காது. ஆனால் கணக்கைப் பாருங்கள். 7%-ல் இரண்டு வருடம் கழித்து சுமார் 17.2 லட்சம். 15%-ல் சுமார் 19.8 லட்சம். வித்தியாசம் 2.6 லட்சம், அவ்வளவுதான். இருவர் சம்பளத்திலிருந்தும் சேர்த்து மாதம் 10,000 ரூபாய் ஆர்.டி. கட்டினால், அதே 7%-ல் 24 மாதத்தில் ஏறக்குறைய அந்தத் தொகை வந்துவிடும். வட்டிக்கு வரி கட்ட வேண்டியிருந்தால் கொஞ்சம் குறையும். எவரையும் நம்பி ஏமாறும் பயமில்லாமல் இலக்கைத் தொட இந்த வழி போதும்.

ஒரு வங்கியில் ஒருவருக்கு, வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரைதான் டெபாசிட் காப்பீடு. எனவே 15 லட்சத்தை நான்காகப் பிரித்து, இரண்டு வங்கிகளில் உங்கள் பெயரிலும் கணவர் பெயரிலும் தனித்தனியாகப் போடுங்கள். ஆர்.டி. சம்பளக் கணக்கு உள்ள வேறு வங்கியில் இருக்கட்டும். மண்டபத்துக்கு முன்கூட்டியே அட்வான்ஸ் கேட்பார்கள். நான்கில் ஒன்றை மட்டும் 18 மாதத்தில் முதிரும்படி போட்டுவையுங்கள். அவசரத்தில் எஃப்.டி.யை உடைத்து வட்டியை இழக்க வேண்டியிருக்காது.