கோடை வெயிலில் தோட்டத்தில் தினமும் செய்ய வேண்டிய வேலைகள் என்ன? இரண்டு வேளை தண்ணீர் ஊற்றியும் செடிகள் வாடுவது ஏன்?

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது தெளிவானால் தினசரி வேலைகளில் பாதி தானாகவே விளங்கிவிடும்.

மதியம் ஒரு மணிக்குப் பூசணி, பாகல், கத்தரி இலைகள் தொங்கிக் கிடந்தால் மண்ணில் ஈரம் இல்லை என்று உடனே முடிவு கட்டக் கூடாது. இலைகளிலிருந்து நீர் ஆவியாகும் வேகத்துக்கு வேரால் ஈடுகொடுக்க முடியாத நேரம் அது. அடியில் நல்ல ஈரம் இருந்தாலும் இலை தொங்கும், வெயில் தாழ்ந்ததும் நிமிர்ந்துவிடும். இதைப் பார்த்துப் பதறி மதியமும் ஒரு வாளி ஊற்றினால், ஏற்கெனவே நனைந்திருக்கும் மண்ணில் காற்று போக இடமில்லாமல் வேர் அழுகத் தொடங்குகிறது. அழுகிய வேர் நீரை உறிஞ்சாது. செடி இன்னும் வாடும், நாமும் இன்னும் ஊற்றுவோம். தினமும் தவறாமல் கவனிக்கப்படும் தொட்டிச் செடிகள் கோடையில் போய்ச் சேர்வது பெரும்பாலும் இந்த வழியில்தான்.

ஆகவே செடி வாடியிருக்கிறதா என்பதைக் காலையில் பாருங்கள், மதியத்தில் வேண்டாம். வெயில் ஏறுவதற்கு முன்பே இலை தொங்கினால் அது உண்மையான வாட்டம். அப்போதும் நேராகக் குழாயைத் திறக்காமல், விரலை மண்ணுக்குள் 5 செ.மீ. ஆழத்துக்கு விட்டுப் பாருங்கள். உலர்ந்திருந்தால் தாகம், தண்ணீர் விடுங்கள். ஈரமாக இருந்தும் காலையிலேயே வாடியிருந்தால் கோளாறு வேரில் அல்லது தண்டில்: வேரழுகல், வாடல் நோய், வேர்முடிச்சுப் புழு இவற்றில் ஏதாவது ஒன்று. அதற்குத் தண்ணீர் மருந்து ஆகாது. தொட்டியாக இருந்தால் நிழலுக்கு நகர்த்தி, மேல்மண் உலரும்வரை நீர் நிறுத்துவதே முதல் உதவி.

இனி தண்ணீர் விடும் முறை. ஒரு சதுர மீட்டருக்கு 1 லிட்டர் ஊற்றினால் அது 1 மி.மீ. மழைக்குச் சமம். காய்கறிப் பாத்திக்கு வாரத்துக்கு 25 மி.மீ., அதாவது சதுர மீட்டருக்கு 25 லிட்டர் என்பது சாதாரண நாட்களின் கணக்கு. கடும் வெயிலோடு காற்றும் அடித்தால் 40 லிட்டர் வரைகூடத் தேவைப்படும். இதை ஏழாகப் பிரித்துத் தினமும் தெளிப்பதைவிட இரண்டு அல்லது மூன்று தவணையில் ஆழமாக விடுவது நல்லது. தினம் கொஞ்சம் தெளித்தால் மேல் 2, 3 செ.மீ. மட்டுமே நனையும், வேரும் அங்கேயே படரும். மண்ணில் முதலில் சூடேறுவதும் முதலில் உலர்வதும் அந்த அடுக்குதான். நீர் விட்ட ஒரு மணி நேரம் கழித்துச் சிறு குழி தோண்டிப் பாருங்கள். 15 செ.மீ. வரை ஈரம் இறங்கியிருந்தால் அளவு சரி. பாத்தி முழுவதற்கும் எவ்வளவு நேரம் குழாய் ஓட வேண்டும் என்பது இப்படி ஓரிரு முறை சோதித்தாலே பிடிபட்டுவிடும். மணல் மண்ணில் நீர் தங்காது என்பதால் அளவைக் குறைத்து அடிக்கடி விட வேண்டும். களிமண் இறுகியிருந்தால் நீர் மேலோடு ஓடிவிடும். பாதியை விட்டு, இருபது நிமிடம் பொறுத்து, மீதியை விடுங்கள். புதிதாக விதைத்ததும் இளநாற்றும் மட்டும் இந்தக் கணக்கில் சேராது, அவற்றின் வேர் மேலடுக்கில்தான் இருக்கிறது. அவற்றுக்குத் தினமும் வேண்டும்.

நேரம் அதிகாலைதான் சிறந்தது. மண் குளிர்ந்திருக்கும், ஆவியாகும் இழப்பு குறைவு, இலையில் பட்ட ஈரமும் சீக்கிரம் காய்ந்துவிடும். காலையில் முடியாதவர்கள் மாலையில் விடலாம், ஆனால் வேரடியில் மட்டும். இரவு முழுக்க இலை நனைந்து நின்றால் பூஞ்சாண நோய்கள் பிடிக்கும். இலையில் நிற்கும் நீர்த்துளி வெயிலைக் குவித்து இலையைச் சுட்டுவிடும் என்று சொல்வார்கள். வழவழப்பான இலைகளில் அப்படி நடப்பதில்லை. நிஜமாகவே சுடுவது, வெயிலில் கிடந்த ரப்பர் குழாய்க்குள் தேங்கிய தண்ணீர். குழாயைத் திறந்ததும் வரும் சூடான நீரை ஒரு வாளியில் பிடித்து ஆறவிட்டு, கையில் பட்டுக் குளிர்ச்சி தெரிந்த பிறகு செடிக்குத் திருப்புங்கள்.

சொட்டுநீர் போட்டிருப்பவர்கள் போட்டதோடு மறந்துவிடுகிறார்கள். மணிக்கு 4 லிட்டர் விடும் சொட்டுவான் பாதி அடைத்துக்கொண்டால் செடிக்குப் போவதும் பாதிதான், மண்ணின் மேல் ஈரப்பொட்டு தெரிவதால் குறை கண்ணில் படாது. வாரம் ஒருமுறை நான்கைந்து சொட்டுவான்களின் கீழ் கிண்ணம் வைத்துப் பதினைந்து நிமிடம் பிடித்துப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் 1 லிட்டர் இருக்க வேண்டும். குறைந்தால் வடிகட்டியைக் கழுவி, பக்கக் குழாயின் முனையைத் திறந்து தெளிந்த நீர் வரும்வரை ஓடவிடுங்கள்.

தொட்டிகளும் வளர்ப்புப் பைகளும் தனி உலகம். தரைச் செடியின் வேர் குளிர்ச்சியைத் தேடிக் கீழே இறங்கும், தொட்டியில் அதற்குப் போக்கிடம் இல்லை. கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியின் மேற்குப் பக்கத்தைப் பிற்பகல் மூன்று மணிக்குத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் அந்தப் பக்கத்து வேர் வெந்துகொண்டிருக்கிறது. சிறிய தொட்டியை ஒரு பெரிய தொட்டிக்குள் இறக்கி இடைவெளியில் காய்ந்த சருகு அல்லது தென்னை நார் அடைப்பது, வெளிப்புறத்தில் வெளிர் நிறத் துணி சுற்றுவது, இரண்டும் நன்றாகவே வேலை செய்யும். சிமென்ட் தளத்தில் நேராக வைக்காமல் இரண்டு செங்கல் மேல் தூக்கி வைத்தால் அடிச்சூடு ஏறாது, வடிகால் துளையும் அடைபடாது. தொட்டிகளைச் சேர்த்து நிறுத்தினால் ஒன்றின் நிழல் மற்றொன்றின் சுவரில் விழும். இலைகள் உரசிக்கொள்ளாத அளவு இடம் மட்டும் இருக்கட்டும்.

தொட்டியில் பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. தென்னை நார்க்கழிவு அதிகம் கலந்த கலவை ஒருமுறை முழுக்கக் காய்ந்துவிட்டால் சுருங்கி, தொட்டிச் சுவரை விட்டு விலகிவிடும். பிறகு ஊற்றும் நீர் அந்த இடுக்கு வழியாக வழிந்து அடித்துளையில் வெளியேறும். பார்ப்பவருக்குத் தொட்டி நிரம்பி வழிந்தது போலத் தெரியும், நடுவில் வேர்ப்பந்து வறண்டே கிடக்கும். சந்தேகம் வந்தால் தொட்டியைத் தூக்கிப் பாருங்கள், நீர் விட்ட பிறகும் கனம் கூடவில்லை என்றால் இதுதான் காரணம். சிறிய தொட்டியை விளிம்பு வரை நீர் நிற்கும் வாளியில் இறக்கி, காற்றுக் குமிழ் வருவது நிற்கும்வரை, சுமார் அரை மணி நேரம் வைத்து எடுங்கள். தூக்க முடியாத பெரிய தொட்டி என்றால், மெல்லிய குச்சியால் ஏழெட்டு இடத்தில் ஆழமாகக் குத்தி, பத்து நிமிட இடைவெளியில் மூன்று முறை கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, சுவரோரம் மண்ணை அழுத்திவிடுங்கள். அடியில் தட்டு வைத்திருந்தால் அரை மணி நேரத்துக்குப் பிறகு தேங்கியதைக் கொட்டிவிட வேண்டும். வேருக்கும் நல்லதில்லை, கொசுவும் முட்டையிடும்.

வெயில் காலத்துக்கு ஒரே ஒரு வேலைதான் செய்ய முடியும் என்றால் மூடாக்கு போடுங்கள், அதாவது செடியைச் சுற்றியுள்ள மண்ணைக் காய்ந்த பொருளால் மூடிவிடுங்கள். காய்ந்த இலை, வைக்கோல், நார் எதுவாக இருந்தாலும் 5 முதல் 7 செ.மீ. கனம் வேண்டும். 7 செ.மீ. கனத்துக்கு ஒரு சதுர மீட்டருக்கு 70 லிட்டர் பொருள் பிடிக்கும், பலர் நினைப்பதைவிட இது அதிகம். மண் தெரியும்படி மெல்லியதாகத் தூவுவதில் பெரிய பலன் இல்லை. போடுவதற்கு முன் மண்ணை நன்றாக நனைத்துவிட வேண்டும். காய்ந்த மண்மேல் போட்டால் பிறகு விடும் நீரில் கணிசமான பங்கை மூடாக்கே குடித்துவிடும். தண்டைச் சுற்றி 5 செ.மீ. வெறுமையாக விடுங்கள், இல்லாவிட்டால் அடித்தண்டு அழுகும். பச்சைப் புல்லைக் குவியலாகப் போடாதீர்கள். அது படிந்து இறுகி உள்ளே சூடேறும். ஓரிரு நாள் காயவைத்து மெல்லிய அடுக்காகப் போடலாம்.

நிழல்வலையில் அதிகம் போனால் கெடுதல். கீரைக்கும் நாற்றுக்கும் வெயிலில் 50 சதவீதத்தைத் தடுக்கும் வலை, தக்காளி, மிளகாய், கத்தரிக்கு 35 சதவீதம் போதும். 75 சதவீத வலைக்குக் கீழ் காய்ச்செடி கொடியாக நீண்டு, பூக்க மறுக்கும். வலையைச் செடிமேல் படும்படி போர்த்தாமல் உச்சியிலிருந்து அரை மீட்டராவது உயர்த்திக் கட்டுங்கள். பக்கங்கள் திறந்திருந்தால்தான் சூடான காற்று வெளியேறும். வலை ஒரு துண்டுதான் இருக்கிறது என்றால் மேற்குப் பக்கம் கட்டுங்கள். காலை வெயிலால் செடிக்கு லாபம், பிற்பகல் வெயிலால்தான் நட்டம்.

தக்காளியும் மிளகாயும் பூவை உதிர்க்கின்றன என்று உரத்தைக் கொட்டுவது கோடையின் இன்னொரு வழக்கமான பிழை. பகல் வெப்பம் 32 முதல் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டி, இரவும் 24 டிகிரிக்குக் கீழே இறங்காத நாட்களில் தக்காளியின் மகரந்தம் செயலிழந்துவிடும். பிஞ்சு பிடிக்காத பூ உதிரத்தான் செய்யும். அது உரக்குறை இல்லை. நிழலும் சீரான ஈரமும் கொடுத்துக் காத்திருக்க வேண்டியதுதான். தழைச்சத்து மிகுந்த உரம் கொடுத்தால் நீரை இறைக்கும் மென்மையான தளிர்கள் கூடும், உரத்தின் உப்பு வேருக்கு நீர் கிடைப்பதையும் தடுக்கும். கொடுத்தே ஆக வேண்டும் என்றால் முதல் நாள் நீர் விட்டு, மறுநாள் காலை பாதி அளவில் கரைத்து ஊற்றுங்கள். வாடிய செடிக்கு எந்த உரமும் வேண்டாம். தக்காளியின் அடிப்பகுதி கறுத்துக் குழிவது சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேராததால் வருவது. பெரும்பாலும் மண்ணில் அந்தச் சத்து இருக்கும், ஒருநாள் காய்ந்து ஒருநாள் நனையும் ஈரம்தான் அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதில்லை. காய் வெடிப்பதற்கும் இந்த ஏற்ற இறக்கமே காரணம். 30 டிகிரிக்கு மேல் தக்காளியில் சிவப்பு நிறமி சரியாக உருவாகாததால் பழம் மஞ்சளும் ஆரஞ்சுமாக நின்றுவிடும். நிறம் மாறத் தொடங்கியதுமே பறித்து வீட்டுக்குள் பழுக்கவிடுங்கள்.

வெயிலில் கருகிய இலைகளை அசிங்கமாக இருக்கிறதே என்று வெட்டித் தள்ளாதீர்கள். அவை உள்ளிருக்கும் தளிருக்கும் காய்க்கும் குடை. அவற்றை எடுத்ததும் காயின் மேல் வெள்ளையாகக் காகிதம் போன்ற தழும்பு விழும். கவாத்தையும் அதே காரணத்துக்காகத் தள்ளிப்போடுங்கள். வாடிய பூக்களைக் கிள்ளுவதில் தவறில்லை.

பூச்சிகளில் கோடைக்கென்றே வருவது சிவப்புச் சிலந்திப் பேன். இலையின் மேல்பக்கம் ஊசி குத்தியது போல வெளிறிய புள்ளிகள், அடிப்பக்கம் மெல்லிய நூலாம்படை. ஒரு வெள்ளைத் தாளின் மேல் இலையைத் தட்டினால் ஊர்ந்து போகும் துகள்கள் தெரியும். மூன்று நாளுக்கு ஒருமுறை காலையில் இலையின் அடிப்பக்கத்தில் வேகமாக நீர் பீய்ச்சினாலே பெருமளவு குறையும். வேப்பெண்ணெய் தெளிப்பதானால் 1 லிட்டர் நீருக்கு 5 மி.லி., கரைவதற்குச் சில துளி சோப்புக் கரைசல், நேரம் மாலை. 30 டிகிரிக்கு மேல் எண்ணெய் தெளித்தால் இலை கருகும். கந்தகத் தூளையும் கோடையில் தொடாதீர்கள், எண்ணெய் தெளித்த இரண்டு வாரத்துக்குள் கண்டிப்பாகக் கூடாது.

சில வேலைகளுக்கு வெயில் உதவியும் செய்யும். களையை முற்பகலில் 2, 3 செ.மீ. ஆழத்தில் மட்டும் கொத்திவிட்டால் அதே வெயிலில் வேர் காய்ந்து செத்துவிடும். ஆழக் கொத்தினால் அடி ஈரம் போய்விடும். வெண்டை, வெள்ளரி, கொத்தவரையைத் தினமும் அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள் காலையில் பறியுங்கள். ஒரு காய் முற்றினாலும் செடி அடுத்த பூவில் அக்கறை காட்டாது. புல்தரை இருந்தால் 7 செ.மீ. உயரத்துக்குக் குறையாமல் வெட்டுங்கள், ஒரு தடவைக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். உரக்குழியும் காய்ந்துபோகும். ஒரு பிடி எடுத்து அழுத்தினால் ஓரிரு சொட்டு வருமளவு ஈரம் இருக்கட்டும்.

நாற்று நடவு மாலையில்தான். நடுவதற்கு முன்பே குழியில் நீர் ஊற்றி அது இறங்கிய பிறகு நட்டு, ஒரு வாரம் நிழல் கட்டுங்கள். விதைத்த பாத்தியை ஈரச் சாக்கால் மூடி, முளை தெரிந்த அன்றே சாக்கை எடுத்துவிட வேண்டும்; ஒருநாள் தாமதித்தால் நாற்று வெளுத்து நீண்டு சாய்ந்துவிடும். லெட்டூஸ் விதை மட்டும் சுமார் 27 டிகிரிக்கு மேல் முளைக்க அடம்பிடிக்கும், அதைத் தட்டில் போட்டு வீட்டுக்குள் குளிர்ந்த இடத்தில் முளைக்க வைப்பதே வழி.

நாலைந்து நாள் வெளியூர் போக வேண்டியிருந்தால் தொட்டிகளையெல்லாம் மேற்கு வெயில் படாத ஒரு மூலையில் நெருக்கி வைத்து, பறிக்க வேண்டிய காய்களைச் சின்னதாக இருந்தாலும் பறித்துவிட்டு, மூடாக்கை நிரப்பி, கிளம்பும் காலையில் ஆழமாக நீர் விடுங்கள். தானியங்கி டைமர் வைப்பதானால் கிளம்புவதற்கு மூன்று நாள் முன்பே ஓடவிட்டுப் பாருங்கள், பேட்டரியைப் புதிதாக மாற்றிவிடுங்கள்.