உஸ்ஸென்ற இரைச்சல் – கடிதம், பதில்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நானும் இரு நண்பர்களும் ஒரு ராக் குழுவில் வாசிக்கிறோம். வார இறுதிகளில் மட்டும் கூடி, ஓர் அக்கூஸ்டிக் கிட்டார், இரண்டு குரல், கொஞ்சம் ஹார்மோனியம் என்று மெல்லிய ஃபோக் பாடல்கள் ஒன்பது செய்திருக்கிறோம். ஐந்து மாதமாக ஒரே அறையில், மேடையில் பாடும் அதே டைனமிக் மைக்கில் பதிவு செய்தவை. எல்லாப் பாடலுக்கும் அடியில் உஸ்ஸென்று இரைச்சல். ஒலி தாழ்ந்ததும் தடத்தை மூடிவிடும் நாய்ஸ் கேட் போட்டதும் இன்னும் மோசமாகிவிட்டது. தொடர்ந்து கேட்டால் ஒரே ஆல்பம் போலவும் இல்லை. மற்ற ஆல்பங்களைவிட சத்தமும் குறைவு. அழித்துவிட்டு ஸ்டுடியோவுக்குப் போய்விடலாமா?

கே.

அன்புள்ள கே.,

அழிக்க வேண்டாம். முதலில் அந்த நாய்ஸ் கேட்டை எடுத்துவிடுங்கள்.

சீராக ஓடும் இரைச்சலைக் காது சீக்கிரம் மறந்துவிடும். வந்து வந்து போவதைத்தான் மறக்காது. வரிகளுக்கு நடுவே கேட் மூடும்போது உஸ் காணாமல் போய், அடுத்த சொல்லோடு திரும்பி வருகிறது. கிட்டார் கம்பியின் கடைசி அதிர்வும் பாதியில் அறுபடுகிறது. அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் ‘நெப்ராஸ்கா’ ஆல்பம் (1982) டியாக் 144 என்ற நான்கு தட கேசட் கருவியில் பதிவானது. நாடா இரைச்சல் அதில் தாராளமாகவே உண்டு. அதைக் குறையாகச் சொல்பவர்கள் அரிது. குறைத்தே ஆகவேண்டுமென்றால் இரைச்சலைக் குறைக்கும் டீநாய்ஸ் கருவியைத் தடம் முழுக்க ஒரே அளவில், 4 முதல் 6 டெசிபல் வரை போடுங்கள். அதற்கு மேல் போனால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடும்.

உஸ் எங்கிருந்து வருகிறது? ராக் பழக்கத்திலிருந்துதான். மேடை மைக் உரக்கப் பாடுபவர்களுக்கானது. முணுமுணுக்கும் குரலுக்கு அதில் 60 டெசிபல் அளவுக்கு கெயின் (ஒலிப்பெருக்கம்) ஏற்ற வேண்டியிருக்கும்; மைக்கின் ஒலியைப் பெருக்கும் ப்ரீஆம்ப் மலிவானதாக இருந்தால் அந்த உச்சத்தில் சீறும். சுய இரைச்சல் 10 டெசிபலுக்குக் குறைவான, பெரிய டயஃப்ரம் (சவ்வு) கொண்ட கண்டென்சர் மைக் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் நெருங்கிப் பாடுங்கள். 30 செ.மீ.யை 15 ஆக்கினால் நேரடிக் குரல் சுமார் 6 டெசிபல் கூடும், கெயினை அந்த அளவுக்கு இறக்கலாம். நெருங்கினால் கீழ்ஸ்தாயி வீங்கும். 80–100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டி, மைக்கை வாய்க்கு நேராக இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். கிட்டாருக்கு 12ஆம் ஃப்ரெட்டை நோக்கி 20–25 செ.மீ. தூரம். துளைக்கு நேராக வைத்தால் 100 ஹெர்ட்ஸ் அருகே பெட்டியின் காற்று உறுமும். 24 பிட் பதிவில் உச்சம் மீட்டரில் மைனஸ் 12 டெசிபலைத் தொட்டாலே போதும்.

உரத்த இடங்களை அமுக்கும் கம்ப்ரெஸ்ஸரிலும் கவனம் வேண்டும். அமுக்கியபின் 6 டெசிபல் ஏற்றினால், பாடாத இடத்தில் இரைச்சலும் அதே 6 ஏறுகிறது. மெல்லிய குரலுக்கு ஒலியளவுத் தள்ளியான ஃபேடரைக் கையால், சொல் சொல்லாக ஓட்டுவதே மேல். அலுப்பான வேலைதான், வேறு குறுக்குவழி இல்லை.

ஒன்பதும் ஒன்றாக ஒட்டாததற்கும் காரணம் இதே இரைச்சல்தான். அறை ஒன்றுதான் என்றாலும் ஒவ்வோர் இரவும் அதன் ஓசை வேறு, கெயின் வேறு. பாடல் முடிந்ததும் சுத்த மௌனம் விழுந்தால் ஹெட்போனில் கதவை அறைந்ததுபோல் இருக்கும். இப்போதே அதே மைக், அதே கெயினில் யாரும் அசையாமல் ஒரு நிமிடம் வெற்று அறையைப் பதியுங்கள். அதை இடைவெளிகளில் பரப்பி, இரு முனையிலும் இரண்டு மூன்று விநாடி கிராஸ்ஃபேட் (ஒன்று தேய மற்றது வளரும் கலப்பு) கொடுங்கள். இரண்டு விநாடித் துண்டைச் சுழலவிடாதீர்கள், அது தாளமாகக் கேட்கும். ஆல்பத்தை வேவ் அல்லது ஃப்ளாக் கோப்பாகக் கொடுங்கள். எம்பி3 முனைகளில் சிறு வெற்றிடம் சேர்த்து, ஒட்டியதைப் பிரித்துவிடக்கூடும்.

சத்தம் குறைவு என்ற கவலையை விடுங்கள். ஸ்பாடிஃபை இயல்பாக மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ்ஸுக்கு (காதில் கேட்கும் சத்தத்தின் அளவை) சமன்செய்கிறது. அதைவிட உரத்ததைத் தாழ்த்திவிடும். ஆல்பமாக வரிசையில் கேட்டால் மொத்தத்துக்கும் ஒரே திருத்தம், பாடல்களுக்கிடையே உள்ள ஏற்றத்தாழ்வு அப்படியே நிற்கும். ஆகவே ஒன்பதையும் ஒரே எண்ணுக்கு இழுக்காதீர்கள். இந்த வகை ஆல்பங்களில் அடிக்கடி நடக்கும் பிழை இது: தனிக் கிட்டார் பாட்டு ஹார்மோனியப் பாட்டின் அளவுக்கு ஏற்றப்பட்டு, முணுமுணுப்பவர் திடீரென்று காதுக்குள் ராட்சதராக நிற்பார். எண்ணைப் பார்க்காமல் குரலின் உயரத்தைக் காதால் பொருத்துங்கள்.

மறுபதிவு எதற்குத் தேவை? கம்பி செத்து மந்தமான பாடலுக்கும், நடுவில் குளிர்பெட்டி ஓடி நின்ற பதிவுக்கும் மட்டும். கம்பியை மாற்றினால் அன்றே பதிவு செய்யாதீர்கள். புதுக் கம்பி விரல் நகரும்போதெல்லாம் கீச்சிடும். இரண்டு மூன்று நாள் வாசித்துப் பழக்கியபின் பதியுங்கள். மைக் தூரத்தையும் கெயின் குமிழின் நிலையையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.