விலையைக் குறைக்க எங்கே கை வைத்தார்கள்? பட்ஜெட் லேப்டாப், கையடக்கக் கருவிகள்: கேள்வி பதில்

விலை குறைந்த லேப்டாப்புகளையும், பையில் போட்டுக்கொண்டு போகிற சின்னக் கருவிகளையும் பல வருடங்களாகப் பரிசோதித்து எழுதிவருகிறேன். ஒவ்வொன்றையும் குறைந்தது இரண்டு வாரமாவது என் அன்றாட வேலைக்கே வைத்துப் பார்ப்பேன். ஒரு பொருள் மலிவாக வருகிறது என்றால், தயாரித்தவர்கள் எங்கேயோ கை வைத்திருக்கிறார்கள். அதில் தப்பில்லை. ஆனால் எங்கே என்பதைப் பெட்டியின் மேல் அச்சடிக்க மாட்டார்கள். வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளில் முக்கால்வாசி அந்த இடத்தைத் தேடுபவைதான்.

கேள்வி: அண்ணா, கல்லூரியில் சேரப் போகிறேன். ஒரே விலையில் இரண்டு லேப்டாப் பார்த்து வைத்திருக்கிறேன். இரண்டிலும் 8 ஜிபி ரேம். ஒன்றில் 256 ஜிபி எஸ்எஸ்டி. இன்னொன்றில் 128 ஜிபி இஎம்எம்சி, ஆனால் திரை பெரியது, பார்க்கவும் அழகாக இருக்கிறது. எதை எடுக்கலாம்?

பதில்: எஸ்எஸ்டி உள்ளதை எடுங்கள் தம்பி, யோசிக்கவே வேண்டாம். இஎம்எம்சி என்பது விலை குறைந்த ஃபோன்களில் வருகிற வகைச் சேமிப்பு. அதன் 5.1 பதிப்பு, ஏட்டளவில்கூட நொடிக்கு 400 எம்பிக்கு மேல் போகாது. பழைய சாட்டா வகை எஸ்எஸ்டியே 550ஐத் தொடும், இப்போதைய என்விஎம்இ வகை எஸ்எஸ்டி சாதாரணமானதுகூட 1500ஐச் சுலபமாகத் தாண்டும்.

இந்த எண்களைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. விண்டோஸ் பின்னணியில் அப்டேட் இறக்கும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகளை ஒரே சமயத்தில் படிக்கும், எழுதும். இஎம்எம்சி அங்கேதான் மூச்சு வாங்கும். அப்படி ஒரு லேப்டாப்பில் அப்டேட் ஓடிக்கொண்டிருந்தபோது ஸ்டார்ட் பட்டனை அழுத்திவிட்டு எண்ண ஆரம்பித்தேன். பதினொன்று எண்ணிய பிறகுதான் மெனு திறந்தது. நாளைக்கு வகுப்பில் ஏதாவது குறிப்பெடுக்க வேண்டும் என்று அவசரமாகத் திறக்கும்போது இது எவ்வளவு எரிச்சலாக இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்புறம், 128 ஜிபி என்பது விண்டோஸில் 119 என்றுதான் தெரியும். விண்டோஸும் அப்டேட்டுகளும் போக மிஞ்சுவது கொஞ்சம்தான். இஎம்எம்சியை மதர்போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள், கழற்றிவிட்டுப் பெரிதாக மாற்ற முடியாது. திரை பெரிதாக இருப்பதற்கான காசை இங்கேதான் பிடித்திருக்கிறார்கள்.

கேள்வி: ரைசன் 5 7520யு, ரைசன் 5 7530யு. இரண்டு புராசசருக்கும் பத்து எண்தான் வித்தியாசம். விலை குறைந்ததையே வாங்கிவிடலாம்தானே சார்?

பதில்: இந்தப் பத்து எண்ணில்தான் எல்லாமே இருக்கிறது. இந்தக் கேள்வி வந்ததற்கு உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன், ஏனென்றால் இதில் ஏமாந்தவர்கள் நிறைய.

ரைசன் சிப்களைத் தயாரிக்கும் ஏஎம்டி, 2023 மாடல்களிலிருந்து நான்கு இலக்கப் பெயருக்கு ஒரு கணக்கு வைத்தது. முதல் இலக்கம் எந்த வருடத்து வரிசை என்று சொல்லும். இரண்டாவது, அது எந்தத் தரத்துக்கானது என்பது. மூன்றாவதுதான் உள்ளே இருக்கும் வடிவமைப்பு எத்தனையாவது தலைமுறை என்பது. 7520இல் மூன்றாவது இலக்கம் 2, அதாவது ஜென் 2. அது 2019இல் வந்த வடிவமைப்பு. 7530இல் 3, அதாவது 2020இல் வந்த ஜென் 3. கோர் என்பது சிப்புக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி. முன்னதில் 4 கோர், பின்னதில் 6 கோர். இரண்டின் மேலும் ஒட்டியிருப்பது அதே 'ரைசன் 5' ஸ்டிக்கர்.

இன்னொன்றும் உண்டு. 7520யு எல்பிடிடிஆர்5 வகை ரேமை மட்டும்தான் ஏற்கும். அந்த வகை ரேம் போர்டோடு பற்றவைத்தே வரும், பிறகு கூட்ட முடியாது. 7530யு உள்ள பல லேப்டாப்புகளில் ரேமுக்குத் தனி ஸ்லாட் இருக்கும்.

இன்டெல் பக்கமும் இதே கதைதான். செலரான், பென்டியம் என்ற பெயர்களை லேப்டாப்பில் 2023இலிருந்து எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் வந்ததுதான் என்100 போன்றவை. 4 சிறிய கோர், 6 வாட் சிப். பிரவுசர், எழுத்து வேலை, வீடியோ பார்ப்பதற்கு என்100 நல்ல சிப், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஐ3-என்305 என்று எழுதியிருப்பதைப் பார்த்து அதை வழக்கமான ஐ3 என்று நினைத்துவிடாதீர்கள். அதில் இருக்கும் 8 கோர்களும் அந்தச் சிறிய ரகம்தான்.

கேள்வி: 8 ஜிபி ரேம் போதுமா, போதாதா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

பதில்: இன்றைக்கு ஒப்பேற்றலாம், நான்கு வருடத்துக்குப் போதாது. தனி கிராபிக்ஸ் இல்லாத லேப்டாப்பில் திரைக்கான வேலைக்கும் இதே ரேமிலிருந்துதான் ஒரு பங்கு போகும். அதனால் "8 போதுமா" என்று கேட்பதற்கு முன்னால் "பிறகு கூட்ட முடியுமா" என்று கேளுங்கள். கடையில் ஓடுகிற லேப்டாப் இருந்தால் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரியைப் பாருங்கள். எத்தனை ஸ்லாட்டில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்று அங்கே இருக்கும். பற்றவைத்த 8 ஜிபியை ஸ்லாட் என்று காட்டும் லேப்டாப்புகளும் உண்டு, அதனால் மாடலின் கையேட்டிலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஒரு ஸ்லாட் காலியாக இருந்தால் 8 வாங்கலாம். பிறகு இன்னொரு 8 போட்டால் கொள்ளளவு கூடுவதோடு ரேமுக்கான இரண்டு பாதைகளும் (சேனல்) வேலை செய்து, கிராபிக்ஸும் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு வேகமாகும். ஸ்லாட்டே இல்லை என்றால் 16 ஜிபி மாடலுக்குக் காசு சேருங்கள்.

கேள்வி: ஃபுல் எச்டி என்று போட்டிருந்தால் திரை நன்றாகத்தானே இருக்கும்? நான் போட்டோ எடிட்டிங் கொஞ்சம் செய்வேன்.

பதில்: ஃபுல் எச்டி என்பது எத்தனை புள்ளிகள் என்பது மட்டும்தான். அந்தப் புள்ளிகள் நிறத்தை எப்படிக் காட்டும் என்பது வேறு விஷயம். பட்ஜெட் லேப்டாப்பின் விவரப் பட்டியலில் '45 சதவீதம் என்டிஎஸ்சி' என்று, நிற வரம்பைச் சொல்லும் ஓர் அளவு சின்ன எழுத்தில் இருக்கும். அது, இணையப் படங்களுக்குப் பொதுவான எஸ்ஆர்ஜிபி நிறங்களில் சுமார் 60 சதவீதத்தைத்தான் காட்டும் என்று அர்த்தம். நல்ல சிவப்பு செங்கல் நிறமாகத் தெரியும். நீங்கள் அது குறைவு என்று நினைத்து ஏற்றிவிடுவீர்கள், மற்றவர்கள் ஃபோனில் பார்க்கும்போது முகமெல்லாம் ஆரஞ்சாக இருக்கும். எடிட்டிங் செய்பவர்கள் 100 சதவீதம் எஸ்ஆர்ஜிபி என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

கடையில் செய்து பார்க்க ஒரு வழி சொல்கிறேன். கறுப்புத் தலைமுடி உள்ள ஒருவரின் படத்தை முழுத் திரையில் வைத்து, மூடியை மெதுவாகப் பின்னால் சாயுங்கள். டிஎன் வகைத் திரையாக இருந்தால் முடி முதலில் சாம்பல் பூக்கும், இன்னும் சாய்த்தால் பழைய ஃபிலிம் நெகட்டிவ் மாதிரி வெளிறும். ஐபிஎஸ் திரையில் வெளிச்சம் கொஞ்சம் குறையும், முடி முடியாகவே இருக்கும். பத்து நொடி வேலை.

கேள்வி: அண்ணா, நீங்களே வாங்கி ஏமாந்தது ஏதாவது உண்டா?

பதில்: உண்டு. நிறுவனத்தின் பெயர் வேண்டாம். விவரப் பட்டியலில் குறையே இல்லாத லேப்டாப், நானே பலருக்குப் பரிந்துரைத்தேன். பதினாலாவது மாதம் ஒருநாள் மூடியைத் திறக்கும்போது இடது மூலையில் 'டக்' என்று ஒரு சத்தம். குனிந்து பார்த்தால் கீல் பக்கம் திரையின் சட்டம் ஒரு நகக்கண் அளவு பிளந்து நிற்கிறது. பின் மூடியைக் கழற்றினேன். கீலின் திருகுகள் இறங்குகிற பித்தளைக் குப்பிகளை வெறும் பிளாஸ்டிக்கில் பதித்திருந்தார்கள். கீலோ இறுக்கமானது. ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் அந்த இழுவை முழுவதும் பிளாஸ்டிக்கின் மேல் விழுந்து, கடைசியில் குப்பியோடு பெயர்ந்து வந்துவிட்டது. என் பேச்சை நம்பி வாங்கியவர்களில் இருவருக்கு அதே மூலை போனது. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

அதற்குப் பிறகு நான் எந்த லேப்டாப்பை எடுத்தாலும் முதலில் பார்ப்பது கீலைத்தான். மூடியை ஒரு மூலையைப் பிடித்துத் திறக்கும்போது திரை முறுக்கிக்கொள்கிறதா? கீபோர்டின் நடுவில் அழுத்தினால் குழிகிறதா? மூடும்போது கீலுக்குப் பக்கத்தில் இடைவெளி விரிகிறதா? ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் மேல் விளிம்பின் நடுவில் பிடித்துத் திறக்கப் பழகிக்கொள்ளுங்கள். பெரும்பாலான கீல்கள் அதிலேயே பிழைத்துக்கொள்ளும்.

கேள்வி: 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் வாங்கினேன். என் ஃபோன் பேட்டரி 5000. நான்கு தடவை ஏற வேண்டும், மூன்றோடு நின்றுவிடுகிறது. போலியா?

பதில்: போலி இல்லை, சரியாகத்தான் வேலை செய்கிறது. அந்த 20,000 என்பது உள்ளே இருக்கும் செல்லின் 3.7 வோல்ட்டுக்கு எழுதியது. பெருக்கினால் 74 வாட் அவர். அதை 5 வோல்ட்டுக்கோ 9 வோல்ட்டுக்கோ ஏற்றித்தான் ஃபோனுக்குக் கொடுக்க முடியும், அந்த மாற்றத்தில் கொஞ்சம் சூடாகப் போய்விடும். ஃபோனுக்குள்ளேயும் கொஞ்சம் போகும். பவர் பேங்கின் அடியில் 'ரேட்டட் கெப்பாசிட்டி' என்று பொடி எழுத்தில் 12,000 சொச்சம் போட்டிருக்கும் பாருங்கள், 5 வோல்ட் கணக்கில் அதுதான் கைக்குக் கிடைப்பது. ஒப்பிடும்போது அந்த எண்ணை வைத்து ஒப்பிடுங்கள். விமானத்தில் 100 வாட் அவர் வரை, கைப்பையில் மட்டும். அதனால்தான் 27,000 எம்ஏஎச்சுக்கு மேல் பெரும்பாலும் வருவதில்லை.

கேள்வி: ஸ்மார்ட்வாட்ச் காட்டும் ஆக்சிஜன் அளவை நம்பலாமா?

பதில்: வைத்தியத்துக்கு நம்பாதீர்கள். உடம்புக்கு முடியவில்லை என்றால் வாட்ச் என்ன காட்டினாலும் மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: என் லேப்டாப்பில் டைப் சி போர்ட் இருக்கிறது. அதில் மானிட்டரைச் செருகினால் படம் வரவில்லை, அதே கேபிள் நண்பனின் லேப்டாப்பில் வேலை செய்கிறது. போர்ட் கெட்டுவிட்டதா?

பதில்: கெட்டிருக்காது. டைப் சி என்பது துளையின் வடிவம் மட்டும்தான். அதற்குள் டேட்டா மட்டும் போகலாம், சார்ஜும் ஏறலாம், படமும் வரலாம். எது எது வேண்டும் என்பது தயாரித்தவர் கையில். மலிவு மாடல்களில் டேட்டா மட்டும் கொடுத்து நிறுத்திவிடுவார்கள். போர்ட்டுக்குப் பக்கத்தில் டிஸ்பிளேபோர்ட்டின் ஆங்கில 'D' வடிவச் சின்னமோ, தண்டர்போல்ட்டின் மின்னல் சின்னமோ இருக்கிறதா பாருங்கள். எதுவும் இல்லை என்றால் கையேட்டைப் பாருங்கள். அதிலும் இல்லை என்றால் எச்டிஎம்ஐதான் வழி.

கேபிளிலும் இதே சிக்கல் உண்டு. ஃபோனோடு வரும் டைப் சி கேபிள் பெரும்பாலும் யுஎஸ்பி 2.0 வேகம். அதில் 4 ஜிபி கோப்பு போய்ச்சேர ஒன்றரை நிமிடத்துக்கு மேல் ஆகும். 5 ஜிபிபிஎஸ் (நொடிக்கு 5 ஜிகாபிட்) கேபிளும் நல்ல எஸ்எஸ்டியும் இருந்தால் பத்துப் பதினைந்து நொடி. சார்ஜிலும் சாதாரண கேபிள் 60 வாட்டோடு நின்றுவிடும். 100 வாட்டுக்கு 5 ஆம்பியர் என்று குறித்த கேபிள் வேண்டும். லேப்டாப் 'மெதுவாக சார்ஜ் ஆகிறது' என்று சொன்னால் சார்ஜரைச் சந்தேகப்படும் முன் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

கேள்வி: 2 டிபி பென் டிரைவ் நம்ப முடியாத விலைக்கு வருகிறதே சார்?

பதில்: நம்பாதீர்கள். உள்ளே 32 அல்லது 64 ஜிபி சிப் இருக்கும், கணினியிடம் 2 டிபி என்று சொல்லும்படி மாற்றியிருப்பார்கள். கோப்புகள் ஏறுவது போலவே தெரியும், பிறகு திறந்தால் ஒன்றும் இருக்காது. ஏற்கெனவே வாங்கியிருந்தால் எச்2டெஸ்ட்டபிள்யூ அல்லது எஃப்3 என்ற இலவச நிரலால் முழுக்க எழுதிப் படித்துப் பாருங்கள். உண்மை தெரிந்துவிடும்.

கேள்வி: அலுவலகங்களில் கழித்துவிட்ட பழைய லேப்டாப் வாங்கலாமா? மகளின் படிப்புக்கு.

பதில்: தாராளமாக வாங்கலாம் அம்மா. இந்த விலையில் புதிதாக வருபவற்றைவிட திங்க்பேட், லாட்டிடியூட், எலைட்புக் மாதிரியான அலுவலக வரிசைகளின் கீலும் கீபோர்டும் உறுதியாக இருக்கும். பாகமும் கிடைக்கும்.

வாங்கும்போது இதையெல்லாம் பாருங்கள். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. ஆகவே விண்டோஸ் 11 ஏற்கும் மாடலாக இருக்க வேண்டும், இன்டெல் என்றால் 8ஆம் தலைமுறையிலிருந்து. ஆன் செய்ததும் பயாஸுக்குள், அதாவது விண்டோஸ் வருவதற்கு முன்னால் திறக்கும் அடிப்படை அமைப்புப் பக்கத்துக்குள், போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். பாஸ்வேர்டு கேட்டால் வேண்டாம். விண்டோஸைப் புதிதாகப் போட்டு இணையத்தோடு இணைத்ததும் ஏதோ ஒரு அலுவலகத்தின் பெயரைக் காட்டி லாகின் கேட்டால், அது இன்னும் அவர்கள் கட்டுப்பாட்டில் இருக்கிறது. திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பேட்டரிக்கு, கமாண்ட் பிராம்ப்ட்டில் powercfg /batteryreport என்று அடித்தால் ஓர் அறிக்கை வரும். புதிதில் இருந்த கொள்ளளவு, இப்போது ஏறும் கொள்ளளவு இரண்டும் அதில் இருக்கும். பாதிக்குக் கீழே இறங்கியிருந்தால் புது பேட்டரியின் விலையைக் கழித்துப் பேசுங்கள்.

கேள்வி: இயர்பட்ஸில் பாட்டு அருமையாகக் கேட்கிறது. லேப்டாப்பில் மீட்டிங் ஆரம்பித்ததும் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவது போல ஆகிவிடுகிறது. ஏன்?

பதில்: மைக் ஆன் ஆனதும் புளூடூத் பாட்டுக்கான வழியை விட்டுவிட்டு, அழைப்புக்கான வழிக்கு மாறுகிறது. அதில் ஒலியின் தரம் குறைவு. மீட்டிங் செயலியில் மைக்கை லேப்டாப்பின் மைக்குக்கு மாற்றி, ஸ்பீக்கரை மட்டும் இயர்பட்ஸில் வையுங்கள். ஒலி உடனே தெளியும்.

கேள்வி: அப்பாவுக்கு குரோம்புக், அதுதான் விண்டோஸுக்குப் பதில் கூகுளின் குரோம் ஓஎஸ் ஓடும் லேப்டாப், வாங்கிக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன்.

பதில்: படிக்க, வீடியோ அழைப்பு பேச, அருமையான தேர்வு. ஒன்றை மட்டும் பாருங்கள். 2021இலிருந்து வந்த மாடல்களுக்கு 10 வருட அப்டேட் என்று கூகுள் அறிவித்திருக்கிறது, ஆனால் அந்தக் கணக்கு நீங்கள் வாங்கிய நாளிலிருந்து ஓடாது, அந்த வகை வன்பொருள் வெளிவந்த நாளிலிருந்து ஓடும். மலிவாகத் தள்ளிவிடும் பழைய மாடலில் பாதிக் காலம் ஏற்கெனவே போயிருக்கலாம். அப்டேட் முடியும் தேதி செட்டிங்ஸிலேயே இருக்கும்.

கேள்வி: லேப்டாப் நாளை கைக்கு வருகிறது. முதல் வாரம் என்ன செய்யட்டும் அண்ணா?

பதில்: முதல் நாள் எல்லா அப்டேட்டும் போட்டு முடியட்டும். அதுவரை மெதுவாகத்தான் இருக்கும், அதை வைத்து எடை போடாதீர்கள். பிறகு வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒரே நிறப் படங்களை முழுத் திரையில் போட்டு, செத்த புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு விசையையும் ஒருமுறை அழுத்துங்கள். ஒவ்வொரு போர்ட்டிலும் ஏதாவது ஒன்றைச் செருகுங்கள். கேமரா, மைக், இரண்டு ஸ்பீக்கர், ஹெட்ஃபோன் துளை எல்லாம். அப்புறம் மற்ற நாட்களில் உங்கள் வழக்கமான வேலையையே அதில் செய்யுங்கள், சார்ஜரைக் கழற்றிவிட்டு எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று குறித்து வையுங்கள். திருப்பித் தரும் கெடு முடியும் வரை அட்டைப் பெட்டியையும் உள்ளே இருந்த தெர்மாகோலையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.