ஷனாயா ட்வைனின் ஹிட்ஸ் சிடி: எதை வாங்கலாம்?

கேள்வி: மனைவியின் பிறந்தநாளுக்கு, கன்ட்ரி (அமெரிக்க நாட்டுப்புறச் சாயல் இசை), பாப் இரண்டும் பாடும் கனடியப் பாடகி ஷனாயா ட்வைனின் பாட்டுகளை சிடியாகவே வாங்கித் தர ஆசை. நாங்கள் 1998-ல் டொராண்டோ வந்தபோது ரேடியோவைத் திருப்பினால் அவர் குரல்தான். 2004-ல் வந்த ‘கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்’, 2022-ல் வந்த ‘நாட் ஜஸ்ட் எ கேர்ள்’, இரண்டில் எது? (ஸ்கார்பரோ வாசகர்)

பதில்: 2004-ஐ வாங்குங்கள். ஒரே தட்டில் 21 பாட்டு. உங்கள் மனைவி முணுமுணுக்கிற பாட்டு எதுவானாலும் அநேகமாக அதில் இருக்கும். ஆனால் வாங்குமுன் வீட்டு அலமாரியை ஒரு தடவை பாருங்கள். 1997-ல் வந்த ‘கம் ஆன் ஓவர்’ ஆல்பம் அங்கே இருந்தால் கணக்கு மாறும். உலகம் முழுக்க நான்கு கோடிக்கு மேல் விற்ற ஆல்பம் அது, கனடாவில் இல்லாத வீடு குறைவு. தொகுப்பின் 21-ல் எட்டுப் பாட்டு அதிலிருந்து எடுத்தவைதான். ‘யூ ஆர் ஸ்டில் தி ஒன்’, ‘மேன்! ஐ ஃபீல் லைக் எ வுமன்!’, ‘ஃப்ரம் திஸ் மொமென்ட் ஆன்’ எல்லாம் அந்த எட்டில் அடக்கம்.

பாட்டுகள் பின்னாலிருந்து முன்னே போகும் வரிசையில் இருக்கின்றன. 2002-ன் ‘அப்!’ ஆல்பத்தில் தொடங்கி 1995-ன் ‘தி வுமன் இன் மீ’ வரை இறங்கும். எனக்கு இது பிடித்திருக்கிறது. போகப் போக பாப் சாயம் கழன்று, ஃபிடிலும் ஸ்டீல் கிட்டாரும் முன்னுக்கு வரும். ஏசி/டிசி, டெஃப் லெப்பர்ட் ஆகிய ராக் குழுக்களுக்கு ஆல்பம் செய்த மட் லாங்தான் இந்தப் பாட்டுகளின் தயாரிப்பாளர், அப்போது ஷனாயாவின் கணவரும்கூட. கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில் நகரத்துப் பாட்டுக்குள் ஸ்டேடியம் சத்தம் எப்படி நுழைந்தது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

கடைசி நான்கு தடங்கள் அப்போதைய புதுசு. அதிலும் ‘பார்ட்டி ஃபார் டூ’ இரண்டு தடவை வருகிறது: பில்லி கரிங்டனுடன் கன்ட்ரியாக ஒன்று, மார்க் மெக்ராத்துடன் பாப்பாக ஒன்று. ஒன்றே போதும் என்பது என் கட்சி. அந்த இடத்தை 1993-ல் வந்த முதல் ஆல்பத்துக்குக் கொடுத்திருக்கலாம், அதிலிருந்து ஒரு பாட்டுகூட இல்லை. ஆக, முழு வாழ்க்கையின் தொகுப்பு என்று விற்பவர் சொன்னால் நம்பாதீர்கள். உச்சத்தில் இருந்த ஒன்பது வருடங்களின் தொகுப்பு இது.

2022 தொகுப்பு அதே பெயருள்ள நெட்ஃபிளிக்ஸ் ஆவணப்படத்தோடு வந்தது. படம் பார்த்து ரசித்தவர்களுக்குச் சரி, முதல் சிடியாக வேண்டாம். பிற்காலக் குரல்தான் வேண்டுமென்றால் 2017-ன் ‘நவ்’ ஆல்பத்தையே வாங்கலாம். உண்ணிக் கடியால் வரும் லைம் நோயால் குரல் நரம்புகள் பாதிக்கப்பட்டு, பாடவே முடியாது என்று பயந்த காலத்துக்குப் பிறகு வந்தது. குரல் கனத்து, கீழே இறங்கியிருக்கும். பழைய குரலை எதிர்பார்த்துப் போட்டால் திடுக்கிடும்.

கேள்வி: ஆன்லைனில் இதே பாட்டுகள் பாதி விலைக்கு ஒரு சிடியில் கிடைக்கிறதே?

பதில்: அட்டையை உற்றுப் பாருங்கள். ‘ட்ரிப்யூட்’, ‘கரோக்கே’, ‘இன் தி ஸ்டைல் ஆஃப்’ என்று எங்காவது பொடி எழுத்தில் இருந்தால் பாடியிருப்பது வேறு யாரோ. அசலில் அதை வெளியிட்ட மெர்குரி இசை நிறுவனத்தின் பெயர் இருக்கும். மலிவாக வேண்டுமென்றால் அசலையே பழைய சிடிக் கடையில் தேடுங்கள். லட்சக்கணக்கில் விற்ற தட்டு, அரிய பொருள் என்று யாராவது விலை ஏற்றினால் அடுத்த கடைக்கு நடங்கள். தட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஊசித் துளை போல ஒளி கசிந்தால் வேண்டாம். மெல்லிய கீறல் பெரும்பாலும் பாட்டைக் கெடுக்காது, ஆனால் தட்டைச் சுற்றி வளைந்து போகும் கீறல் சந்தேகத்துக்குரியது.

கேள்வி: ‘அப்!’ ஆல்பத்துக்கு இந்திய வாத்தியங்களோடு ஒரு பதிப்பு உண்டாமே, உண்மையா?

பதில்: உண்மைதான். அதே 19 பாட்டுகளை மூன்று விதமாகச் செய்து, தட்டுக்கு ஒரு நிறம் கொடுத்தார்கள்: சிவப்பு பாப், பச்சை கன்ட்ரி, நீலம் நீங்கள் கேட்பது. நீலத்துக்கு உழைத்தவர்கள் பர்மிங்ஹாமைச் சேர்ந்த சைமன், டயமண்ட் துக்கல் சகோதரர்கள். அப்பாச்சி இந்தியனின் ஆரம்ப காலப் பாட்டுகளைத் தயாரித்தவர்கள் இவர்கள்தான். ‘லவ் பேர்ட்ஸ்’ படத்தின் ‘நோ ப்ராப்ளம்’ ஞாபகம் இருக்கிறதா, அந்த அப்பாச்சி இந்தியன்தான். வட அமெரிக்கக் கடைகளில் விற்றது சிவப்பும் பச்சையும் சேர்ந்த ஜோடி. நீலம் வேண்டுமென்றால் ஐரோப்பாவில் விற்ற சிவப்பு-நீல ஜோடியைத் தேட வேண்டும். ஆர்டர் போடுமுன் இரண்டு தட்டுகளின் படத்தையும் அனுப்பச் சொல்லுங்கள், அட்டையை மட்டும் பார்த்துப் பணம் கட்ட வேண்டாம்.