நவம்பரில் மாளிகை விடுதிக்குப் போகும் சைவருக்கு

அன்புத் தங்கைக்கு,

கணவரின் அலுவலகத்தார் நவம்பர் நடுவில் இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்திலுள்ள ஒரு மாளிகை விடுதிக்கு இரண்டு நாள் அழைத்துச் செல்கிறார்கள் என்றும், சைவமான உங்களுக்கு அங்கே வயிறு நிறையுமா, புளிசாதம் கட்டிக்கொண்டு போகலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். புளிசாதம் தேவைப்படாது. போவதற்கு ஒரு வாரம் முன்பே எதையெல்லாம் சாப்பிட மாட்டீர்கள் என்று எழுதிவிடுங்கள். உங்களுக்கென்று தனியாகச் சமைத்துத் தருவார்கள்.

இத்தகைய மாளிகை விடுதிகள் பெரும்பாலும் பழைய நிலக்கிழார்களின் வீடுகள். உல்ஸ்வாட்டர் ஏரிக்கரையில் 1948இல் பிரான்சிஸ் கவுல்சன் தொடங்கிய ஷாரோ பே இவ்வகை விடுதிகளுக்கு முன்னோடி. மதில் சூழ்ந்த காய்கறித் தோட்டம் பல விடுதிகளில் இன்றும் இருக்கிறது. அன்றைக்கு அங்கே பறித்ததே சாப்பாட்டுப் பட்டியலைத் தீர்மானிக்கும். ஆகவே ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் வரை கிடைக்கும் ஆஸ்பராகஸ் என்னும் பச்சைத் தண்டுக் காய்கறியை நவம்பரில் எதிர்பார்க்காதீர்கள். அப்போது வருவன பார்ஸ்னிப், பூசணி, பீட்ரூட், செஸ்ட்நட் என்னும் கொட்டை, காளான் ஆகியவை. பார்ஸ்னிப் பார்ப்பதற்கு வெள்ளைக் கேரட் போல இருக்கும். வெண்ணெயில் வதக்கி அரைத்த அதன் சூப்பில் இனிப்பு மேலோங்கி நிற்பதால், மிளகுத்தூளைத் தாராளமாகத் தூவிக்கொள்ளுங்கள்.

அந்தச் சூப்பில்தான் இப்படியொரு விடுதிக்குப் போன முதல் ஆண்டு நான் ஏமாந்தேன். காய்கறிச் சூப் என்று சொல்லி வைத்தார்கள். பாதி குடித்த பிறகே அது கோழி எலும்பு வேகவைத்த நீரில் செய்தது என்று தெரிந்தது. யாரும் என்னை ஏய்க்க நினைக்கவில்லை. ‘இறைச்சி வேண்டாம்’ என்று மட்டும் சொல்லியிருந்தேன். அதை அவர்கள் துண்டு இறைச்சி வேண்டாம் என்று புரிந்துகொண்டார்கள். எனவே எலும்புச் சாறு, விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின், மாட்டுக் கொழுப்பான சூயெட், கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்துப் பாலை உறையவைக்கும் ரென்னட் சேர்ந்த பார்மசான் பாலாடைக்கட்டி, நெத்திலி வகை மீன் கலந்த வூஸ்டர் சாஸ் என ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி விலக்கி எழுதுங்கள். முட்டை சாப்பிடுவீர்களா என்பதையும் மறக்காமல் குறிப்பிடுங்கள், ஏனெனில் அங்கே கட்டாயம் ருசிக்க வேண்டிய, பேரீச்சம்பழமும் சூடான டாஃபிப் பாகும் சேர்ந்த ஸ்டிக்கி டாஃபி புட்டிங்கில் வழக்கமாக முட்டை உண்டு.

கணவர் அசைவம் என்று எழுதியிருந்தீர்கள். அக்டோபர் 1 முதல் பிப்ரவரி 1 வரை ஃபெசன்ட் பறவையின் வேட்டைக்காலம் என்பதால், அது அவர் தட்டுக்கு வரக்கூடும். துப்பாக்கியால் சுட்ட பறவையாகையால் மிளகை விடச் சிறிய குண்டு சில நேரம் கறிக்குள் தங்கியிருக்கும். பல் உடைந்துவிடாமல் மெல்ல மென்று சாப்பிடச் சொல்லுங்கள்.

மாலையில் கணப்படுப்பின் அருகே சிறு கோப்பைகளில் டாம்சன் ஜின் கொண்டுவருவார்கள். கெண்டல் ஊர்ப்பக்கம் செப்டம்பரில் பறிக்கும் டாம்சன் என்னும் புளிப்பான கரும்பழத்தைச் சர்க்கரையுடன் ஜின்னில் பல வாரங்கள் ஊறவைத்தால் நாவற்பழச் சாற்றின் நிறம் வந்துவிடும். மது தொடாத நீங்கள் எல்டர்ஃபிளவர் கார்டியல் கேளுங்கள். ஜூன் மாதத்தில் பறித்த வெள்ளைப் பூங்கொத்துகளை எலுமிச்சையோடு ஊறவைத்துப் பாகாக்கி வைத்திருப்பார்கள். குளிருக்கு இதமாக வெந்நீரில் கலந்து தரச் சொல்லுங்கள். கோப்பையை முகத்தருகே கொண்டுபோனதுமே பூமணம் எழும்.