ட்ரெயின் பிளக் இல்லாமல் கயாக்கை இறக்கலாமா?

முட்டுக்காடு போன பிறகுதான் கயாக் என்ற சிறு துடுப்புப் படகின் ட்ரெயின் பிளக் (உள்ளே சேரும் நீரை வடிக்கும் துளையை அடைக்கும் திருகு மூடி) வீட்டில் இருப்பது தெரிந்து, துணியைச் சுருட்டி அடைத்துக்கொண்டு தூண்டில் போட்டதாகச் சொல்கிறீர்கள். தயவுசெய்து இனி வேண்டாம். துணி நீரை உறிஞ்சும், தடுக்காது. உள்ளே புகுந்த தண்ணீர் கயாக் சாயும் பக்கமெல்லாம் ஓடும். மீனைத் தூக்கக் குனிந்தால் அப்படியே கவிழ்த்துவிடும். சைக்கிள் ட்யூப் சுற்றிய கார்க் ஓரளவு தாங்கும், அதுவும் கரையோரம் இடுப்பளவு நீரில்தான்.

தண்ணீரை வடித்ததும் பிளக்கை அங்கேயே திருகிவிடுங்கள். வெயிலில் வைப்பதானால் உள்காற்று போக லேசாகத் தளர்த்தினால் போதும். கழற்றித் தனியே வைத்தால் தொலையத்தான் செய்யும். இன்னொன்று வாங்கி லைஃப் ஜாக்கெட் பாக்கெட்டில் போட்டு வையுங்கள். அப்புறம், அந்த ஜாக்கெட்டையே மறந்த அன்று பேசாமல் வண்டியைத் திருப்பிவிடுங்கள், கொடுவா மீன் துள்ளுவது கண்ணில் பட்டாலும் சரி.